இடக்கண்ணில் உறங்குவது

ஒரகடத்தில் ஒரு கார் ஆலையில் பெயின்ட் பரிசோதகராக இருந்தேன். வரிசையாக எரியும் குழல்விளக்குகளுக்குக் கீழே நின்று, கதவில் தூசியோ கீறலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருநாள் வெள்ளைக் கதவு ஒன்று புகை படிந்ததுபோலத் தெரிந்தது. துடைத்தேன். போகவில்லை.

பக்கத்தில் நின்ற தோழி, "கதவு சுத்தமாத்தான் கீதுக்கா. உன் கண்ணுதான் செவந்து கீது" என்றாள்.

படப்பை மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. மூன்றாம் நாள் வெளிச்சம் பட்டாலே இடக்கண் கூசி நீர் கொட்டியது. அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு (வீக்கத்தோடு உடம்பின் நோய் எதிர்ப்பையும் அடக்கும் மருந்து) இருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். சிவந்த கண்ணுக்கு நீங்களாக மருந்து வாங்காதீர்கள்.

தாம்பரத்தில் கண் மருத்துவர் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். திரையில் என் கணவர் அருளுக்கும் காட்டினார். கருவிழியின் மேல் பச்சையாக ஒரு மரக்கிளை. ஹெர்பெஸ் வைரஸால் வந்த புண்.

"மருந்து போட்டா முழுசாப் போயிடுமா டாக்டர்?" என்றேன்.

"புண்ணு ஆறிடும்மா. வைரஸ் போகாது. சின்ன வயசுலயே வந்திருக்கும். முகத்து நரம்புல தூங்கிட்டிருக்கும்."

அது உறங்குவது நரம்பு செல்லின் உட்கருவுக்குள் (மரபணு இழை இருக்கும் இடம்). நம்முடைய நீண்ட இழையை ஆங்காங்கே பற்றி, வளையங்களாக ஒழுங்குபடுத்தி வைக்க உடம்பில் ஒரு புரதம் உண்டு, பெயர் சிடிசிஎஃப். அதே புரதம் வைரஸின் இழையையும் பற்றிக்கொள்கிறதாம். அந்தப் பிடி தளரும்போது வைரஸ் விழிக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுவதாகச் சொன்னார் மருத்துவர்.

அருள் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் புரதம் நம்ம ஆளா, அவன் ஆளா டாக்டர்?"

மருத்துவர் சிரித்துவிட்டார். "நம்ம ஆளுதாங்க. அவனுக்கும் இடம் குடுத்து வெச்சிருக்கு."

ஒரு நாளைக்கு ஐந்து முறை களிம்பு. அதற்காகவே அருள் தன் ஆலையில் இரவு ஷிப்ட் கேட்டு வாங்கினார். பகலெல்லாம் அலாரம் வைத்து எழுந்து, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவார். தூக்கம் கலையாத கண்களோடு என் இமையை இழுத்துப் பிடிப்பார். "மேல பாரு எஸ்தரு. ஆடாத."

ஒரு மதியம் கேட்டேன். "பார்வை போயிட்டா இன்னா பண்றது?"

களிம்பைப் போட்டு முடித்து, மூடியைத் திருகினார். பிறகு, "தெரியல. மொதல்ல சாப்டு" என்றார். தைரியம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மூன்று வாரத்தில் புண் ஆறியது. மெல்லிய தழும்பு ஒன்று தங்கிவிட்டது. பரிசோதனையிலிருந்து என்னை எடுத்து, சீட் பொருத்தும் லைனுக்கு மாற்றினார்கள். அன்று கம்பெனி பஸ்ஸில் அழுதேன். இப்போது அந்த வேலையும் கைக்குப் பழகிவிட்டது.

என் முகத்துக்குள் ஒன்று உறங்குகிறது. அதைத் தட்டி எழுப்பிவிடக் கூடாதென்று வேளைக்குத் தூங்குகிறேன். காய்ச்சல் வந்தால் ஓடிப்போய்க் காட்டுகிறேன்.

தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அருளை எதிரே உட்காரவைத்துப் பார்க்கிறேன். வலக்கண்ணுக்கு அவர் மீசையில் நாலைந்து நரை தெரிகிறது. இடக்கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரிவதில்லை. கல்யாணத்தன்று பார்த்த மாதிரியே இருக்கிறார்.