மூன்றாவது விசிலில் எழுந்த ராஜா

என் அக்கா வீட்டில் இருபத்திரண்டு வருடங்கள் குக்கர் இல்லாமலே ஓடின. கொண்டைக்கடலையோ கறியோ, எல்லாம் திறந்த பாத்திரத்தில்தான் வேக வேண்டும். வேகாவிட்டால் அத்தான் வாய் பேசாமல் மென்று விழுங்க வேண்டும். வந்தவர்கள் யாராவது, "இந்தக் காலத்துல குக்கர் இல்லாமலா?" என்று கேட்டால் அக்கா பேச்சை மாற்றிவிடுவாள். காரணம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காரணத்துக்கே காரணம் நான்தான் என்பது போன மாதம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு நூலகத்தில் வேலை. புத்தகம் கொடுத்து வாங்கும் மேசை அவளுடையது. யாராவது சத்தம் போட்டால் அவள் வாயைத் திறக்கவே மாட்டாள். கையிலிருக்கும் தேதி முத்திரையால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். டொக், டொக். அவ்வளவுதான், கூடத்தில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்கும். 'டொக் டொக் அக்கா' என்றுதான் அவளுக்குப் பட்டப்பெயர். அது அவளுக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டிலும் நான் லொடலொடவென்று ஆரம்பித்தால் கரண்டியால் அதே இரண்டு தட்டு விழும்.

அத்தான் இன்னும் மோசம். வீடுகளுக்கும் கடைகளுக்கும் பிளாஸ்டரில் ஃபால்ஸ் சீலிங் போடுவது அவர் தொழில். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தே வேலை செய்வதாலோ என்னவோ, எதிரில் இருக்கிறவர்களிடம் பேச்சே வராது. ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். அப்படிப்பட்ட மனிதரைத்தான் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு சினிமா பிடித்துக்கொண்டது. அதுவும் ராஜா காலத்துப் பேய்ப் படம்!

கதை இதுதான். அறுநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கோட்டை. நாடெங்கும் கொள்ளைநோய். நோய் கண்ட ராஜாவை மந்திரிகள் உயிரோடு கல்லறையில் வைத்துப் பூசிவிடுகிறார்கள். காவலுக்கு நின்ற வீரர்களும் உள்ளேயே செத்துப்போகிறார்கள். ஒருநாள் ராஜா எழுந்து வருகிறார், மந்திரிகளை ஒவ்வொருவராகக் கவனிக்கிறார். படத்தின் பெயர் 'எலும்புக் கோட்டை'. வீட்டின் பின்னறைதான் கல்லறைக் கூடம். சுவர் முழுக்க அத்தான் கைப்பட அடித்த பிளாஸ்டர் கற்கள். கவசமெல்லாம் வெள்ளிப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் வாளிகள். ராஜாவாக நடித்தவர் அத்தானின் நண்பர், கறிக்கடைக்காரர். உடம்பு ராஜா உடம்புதான், நடிப்பு மட்டும் சுத்தமாக வராது. பயங்கரமாக முழிக்கச் சொன்னால் கொட்டாவி விடுவார். நான் மூன்றாம் பிணம்.

பிறகு டப்பிங் செய்ய வசதி இல்லை. படம் பிடிக்கும்போது என்ன சத்தம் கேட்கிறதோ அதுதான் படத்திலும் கேட்கும். அதனால் தெருவை அடக்கும் பொறுப்பை அக்காவிடம் விட்டார் அத்தான். இதற்கென்றே பிறந்தவள் அவள். ராஜா கல்லறையை உடைத்துக்கொண்டு எழும் காட்சி ஒருநாள் மதியம் எடுக்கப்பட்டது. அந்தக் கல்லறை இரண்டு வாரம் பார்த்துப் பார்த்துச் செய்த பிளாஸ்டர் கல்லறை. ஒரே ஒரு முறைதான் உடைக்க முடியும், தவறினால் கதை கந்தல். அக்கா அன்று காலையிலிருந்தே இறங்கிவிட்டாள். வெல்டிங் பட்டறைக்காரரிடம் பேசி ஒரு மணி நேரம் வேலையை நிறுத்த வைத்தாள். எதிர் வீட்டு நாய்க்குக் கறிக்கடையிலிருந்து எலும்பு வந்தது. காய்கறி வண்டிக்காரரைக் கூவாமல் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை மட்டும் யாருக்கும் அடங்கவில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவளே தெருக்கோடிக்குப் போய் நின்றுகொண்டாள்.

தெருவையே ஊமையாக்கியவள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். படப்பிடிப்பு ஆட்கள் பதினொரு பேருக்குக் கடலையும் கறியும் போட்டு, குக்கரை அடுப்பில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் தெருவுக்குப் போயிருந்தாள். பின்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

நான் தலையில் வாளியோடு கிடந்தேன். பிணம் கண்ணை மூடியிருக்க வேண்டும். ஆனால் என்னால் முடியுமா? ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். கல்லறையில் முகத்துக்கு நேராக ஒரு சின்ன ஓட்டை, அதில் கறிக்கடைக்காரரின் முகம். மேக்கப் கலைந்துவிடும் என்று காலையிலிருந்து அவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அத்தான் கைக்குட்டையை ஆட்டினால் அவர் கண்ணைத் திறக்க வேண்டும். கேமரா ஓடியது. அத்தான் கையைத் தூக்கப் போனார்.

அப்போது அடித்தது முதல் விசில்.

ராஜாவின் கண் படீரென்று திறந்தது. அப்பா, என்ன கண்! இரண்டாவது விசில். அந்தக் கண்கள் மெதுவாகச் சமையலறைச் சுவர்ப் பக்கம் உருண்டன. மூன்றாவது விசில் அடித்ததுதான் தாமதம், கல்லறை பிளந்தது, ராஜா எழுந்துவிட்டார்! கறிக்கடைக்காரர் வீட்டில் மூன்றாவது விசில் அடித்ததும் தட்டு வைப்பார்களாம். பழக்கதோஷம். பசித்த மனிதன் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கிறான், அவ்வளவுதான்.

நான் அத்தானைப் பார்த்தேன். வாயை இரண்டு கையாலும் பொத்தியிருந்தார். தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அக்கா தெருக்கோடியிலிருந்து விசிலைக் கேட்டுக் குழந்தையோடு ஓடிவந்தாள். அன்று சாயங்காலம் நான்தான் அவள் காதில் போட்டேன்.

"அக்கா, அத்தான் அழுதாரு. நான் என் கண்ணால பாத்தேன்."

படம் ஒரு சின்னத் தியேட்டரில் வெளியானது. குடும்பத்தோடு போனோம். அந்தக் காட்சி வந்ததும் அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்திலிருந்த அக்கா முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். அத்தான் ஒன்றும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்து வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். முடிவை இருவரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் படத்தைத் தூக்கிவிட்டார்கள். அந்த வாரமே அக்கா குக்கரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாள். அது போவதை அத்தான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சீலிங் வேலைக்குக் கிளம்பினார். சினிமா என்ற சொல் அந்த வீட்டில் அதற்குப் பிறகு எழவில்லை.

போன வருடம் ஒரு பிற்பகல் நூலகத்தில் ஒரு பல் டாக்டர் ஃபோனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். இயர்ஃபோன் சரியாகச் செருகப்படவில்லை. அமைதியான அந்தக் கூடத்தில் மூன்று விசில்கள் கேட்டன. அக்கா முத்திரையைத் தூக்கியவள் தட்டாமல் அப்படியே நின்றுவிட்டாள். சொந்தக் குக்கரின் குரல் தெரியாதா?

"இது... இது உங்களுக்கு எங்க கிடைச்சுது?" என்றாள்.

டாக்டரம்மா கண் பளபளக்க ஆரம்பித்தார். "நீங்க பாத்ததில்லையா? 'எலும்புக் கோட்டை' மேடம்! யாரோ பழைய சிடியிலேர்ந்து நெட்ல ஏத்திவிட்டது. இதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கோம். வருஷா வருஷம் ஒரு ஹால் எடுத்துப் போடுறோம். வாளிய மாட்டிக்கிட்டு, குக்கர் மூடியக் கேடயமாப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க. மூணாவது விசிலுக்கு எல்லாரும் எழுந்து நிப்போம். அறுநூறு வருஷத்து ராஜாவ குக்கர் விசிலால எழுப்பினான் பாருங்க, அந்த டைரக்டர் மேதை! ஆனா ஆள் யாருன்னே தெரியல. பேரு 'கோட்டையான்'னு மட்டும் போட்டிருக்கு."

'கோட்டையான்' அப்போது எங்கோ ஒரு செருப்புக்கடையின் கூரைக்கு அடியில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்.

அக்கா வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தான், "அப்படியா?" என்றார். பிறகு ஏணி போட்டுப் பரணில் ஏறி, போர்வையில் சுற்றி வைத்திருந்த டேப்புகளை இறக்கினார். இத்தனை வருடமாகியும் ஒரு தூசு இல்லை. டாக்டரம்மாவின் கூட்டம் படத்தையும் ஒலியையும் சுத்தம் செய்து பெரிய தியேட்டரில் போடுவதென்று முடிவானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவோ ஒரே பிடியாக இருந்தாள்.

"அவரு ஒரு தடவையாவது தல குனியாம இந்தப் படத்தப் பாக்கணும். அந்த விசில எடுத்துடணும்."

"ரசிகர்கள் அதுக்காகத்தானேக்கா வராங்க?"

"அவங்களுக்கு அது விளையாட்டு. அழுதது அவரு."

அழுததற்குச் சாட்சியே நான்தானே. அரைநாள் லீவு போட்டு ஒலிக்கூடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த தாடிக்காரர் பதறிவிட்டார்.

"மேடம், இத எடுத்தா ரசிகருங்க என்ன உயிரோட கல்லறையில வெச்சுப் பூசிடுவாங்க!"

"டைரக்டர் வீட்டுலேர்ந்து சொல்றேன்," என்று அவருடைய மேசையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். மனிதர் அடங்கிவிட்டார். திரையில் மூன்று மேடுகளாகத் தெரிந்த விசில்களை ஒவ்வொன்றாக அழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. தியேட்டர் வாசலைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை! நானூறு பேர். தலையில் வாளி, கையில் குக்கர் மூடி. ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயோ, மூணாம் பிணம்! ஒத்தக்கண் பிணம்!" என்று கத்தினாள். என் திறந்த கண் படத்தில் தெரிந்திருக்கிறது. அதற்கும் ரசிகர்கள்! ஏழெட்டு மூடிகளில் கையெழுத்துப் போட்டேன். கறிக்கடைக்காரரைத் தூக்கித் தோளில் வைக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்கள். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் கூச்சத்தோடு வந்தார். அவரை முன்வரிசையில் உட்கார வைத்து, ஒரு பக்கம் அக்காவும் மறுபக்கம் நானும் உட்கார்ந்தோம்.

அந்தக் காட்சி வந்தது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ராஜாவின் கண் திறந்தது. சத்தமில்லை. கண் உருண்டது. சத்தமில்லை. கல்லறை பிளந்தது. விசில் இல்லாமல் பார்த்தால், தூக்கம் கலைந்து ஒருவர் எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒருவர்கூட எழுந்து நிற்கவில்லை. அக்கா திரையைப் பார்க்கவேயில்லை, அத்தான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் துள்ளி எழுந்தார்.

"நிறுத்துங்க! விசில் எங்க?"

அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. படம் நின்றது, விளக்கு எரிந்தது. அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நான்தாங்க எடுக்கச் சொன்னேன்."

"நீயா? ஏன்?"

"உங்க படத்தக் கெடுத்ததே அதுதானே. அன்னிக்கு நீங்க அழுதீங்களே..."

"யாரு அழுதா? எவன் சொன்னான்?"

அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு உடனே பிணமாகிவிடலாம் போலிருந்தது.

"சிரிச்சேன்டி!" என்றார் அத்தான். "சிரிப்புச் சத்தம் படத்துல விழுந்துடக் கூடாதேன்னு வாயப் பொத்திக்கிட்டேன். ஒரு மாசமா முழிக்கச் சொல்லி நான் தொண்ட கிழியக் கத்தினேன், இவன் முழிச்சானா? உன் விசில் கேட்டதும் முழிச்சான் பாரு! என் படத்துல நடிப்புன்னு இருக்கிறது அந்த ஒரு இடம்தான். அது நீ குடுத்தது."

"அத ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" அக்காவின் குரல் உடைந்துவிட்டது.

"எப்படிச் சொல்றது? நீ தியேட்டர்ல தேம்பித் தேம்பி அழுத. வீட்டுக்கு வந்து குக்கரத் தூக்கிப் போட்ட. என் படத்த நெனச்சாலே உனக்கு அவமானம்னு நெனச்சேன். அதான் அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல."

நானூறு பேர் இருக்கும் இடத்தில் டொக் டொக் இல்லாமலே அப்படியொரு அமைதி. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாளிக்குள்ளிருந்து யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். டாக்டரம்மாதான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"காட்சிய முதல்லேர்ந்து போடச் சொல்றேன். அக்கா, விசில் நீங்கதான் குடுக்கணும்."

அக்கா மாட்டேன் என்று தலையாட்டினாள். அத்தான் அவள் கையைப் பிடித்து எழுப்பினார். அன்று வெளியே அழைத்துக்கொண்டு போன அதே பிடி. ராஜாவின் முகம் திரையில் மறுபடி வந்தது. வாழ்நாள் முழுக்க ஊரை அடக்கிய என் அக்கா, வாயைக் குவித்து, வெட்கத்தை விட்டு, "உஸ்ஸ்ஸ்ஸூஊஊ!" என்றாள். ராஜாவின் கண் படீரென்று திறந்தது. இரண்டாவது விசிலுக்கு அத்தானும் சேர்ந்துகொண்டார். மூன்றாவதை நானூறு பேரும் சேர்ந்து அடித்தோம், கூரையே பிய்த்துக்கொண்டு போனது! எல்லோரும் எழுந்து நின்றார்கள். கண் அசந்திருந்த கறிக்கடைக்காரரும் திடுக்கிட்டு எழுந்து, "சாப்பாடு எங்க?" என்றார்.

தியேட்டரில் முடிவை அவர்கள் இருவரும் அன்றுதான் பார்த்தார்கள். வெளியே வந்ததும் கூட்டம் அக்காவைச் சூழ்ந்துகொண்டது. ஒருவர் தன் கேடயத்தையே அவளுக்குக் கொடுத்துவிட்டார். அவள் முதலில் அதைத் திருப்பி ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்தாள், பிறகு வெயிட்டை ஆட்டிப் பார்த்தாள்.

"மூடி நல்லாத்தான் இருக்கு. இதுக்கு ஏத்த குக்கர்தான் வாங்கணும்."

"இன்னிக்கே வாங்கு," என்றார் அத்தான். "இருபத்திரண்டு வருஷமா கல்லு மாதிரி கடலையத் தின்னுட்டு இருக்கேன்."

"அதயாவது சொல்லியிருக்கலாம்ல?"

நான் நடுவில் புகுந்து, "அக்கா, நான் அன்னிக்கு ஒத்தக் கண்ணாலதானே பாத்தேன்..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா அந்த மூடியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.