வாடகைக்கு இருந்த அக்கா

2006 வாக்கில் திருத்தங்கலில் ஒரு வீட்டை வாங்க நினைத்தேன். என்ன விலைக்குக் கேட்பது என்று சொல்ல நம்பிக்கையான ஆள் இல்லை. விலை ஏறினால்தான் புரோக்கருக்குக் கமிஷன் கூடும். மச்சானோ தன் தெருவிலேயே என்னை வாங்க வைக்கப் பார்த்தார்.

கடைசியில் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்த அக்காவிடமே போனேன். ஒல்லியான உடம்பு, பட்டாசுக் கம்பெனி வேலை. பேசும்போதெல்லாம் நகக்கண்ணில் படிந்த வெள்ளிநிற மருந்துப் பொடியைத் தீக்குச்சியால் சுரண்டிக்கொண்டே இருப்பார்.

"இதுக்கு எம்புட்டுக் கொடுக்கலாம்க்கா? உள்ளதைச் சொல்லுங்க."

"எங்கிட்ட கேக்காதீக தம்பி. நீங்க வாங்கிட்டா நாங்க காலி பண்ணணும். மழைக்கு ஒழுகுதுன்னு சொல்லத்தான் எனக்கு வாய் வருது."

"ஒழுகுதா?"

"நான் எதைச் சொன்னாலும் நீங்க எப்படி நம்புவீக?"

 வேறு வழியில்லாமல் புரோக்கர் சொன்ன விலைக்கே முடித்தேன். சாவி வாங்கப் போனபோது, வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்துவிட்டு அவர்கள் போயிருந்தார்கள். எங்கே என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அந்த விலை சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தனக்கு வேண்டியது என்ன என்பதை மறைக்காமல் என்னிடம் பேசியவர் அவர் ஒருவர்தான். இடத்தை இழந்ததும் அவர்தான்.