கசக்குதா?

வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்து ஊர்களில் முத்தாயி வீட்டுக் கொல்லையைத் தெரியாதவர்கள் குறைவு. கண் பட்டுவிட்டது என்று வருகிறவர்களுக்கு அங்கே ஆகாச கருடன் கிழங்கு கிடைக்கும். வாசல் நிலைக்கு மேலே கறுப்புக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அது துளிர்த்தால் வீட்டுக்கு நல்லது. அழுகிப்போனால் யாரோ ஏவிவிட்டதை அது வாங்கிக்கொண்டது. எப்படிப் பார்த்தாலும் கிழங்குக்குத் தோல்வியே கிடையாது. புருஷன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அழுகிறவளுக்குத் தொட்டாச்சிணுங்கி வேர். பிள்ளையாருக்கு வெள்ளெருக்கம்பூ. சளி பிடித்த குழந்தைக்கு நொச்சி.

ஆனால் ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது சிறியாநங்கைக்காகத்தான். மிளகாய் இலையைப் போலவே ஒடுங்கின இலை. மிளகாய்நங்கை என்றுகூட அதற்குப் பெயர் உண்டு. கசப்பில் வேப்பிலை அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. பாம்பு கடித்தவன் வாயில் மூன்று இலையைக் கசக்கிப் போட்டுவிட்டு முத்தாயி ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"கசக்குதா?"

கசந்தால் விஷம் இல்லை, வீட்டுக்குப் போகலாம். சப்பென்று இருந்தாலோ இனித்தாலோ விஷம் ஏறிவிட்டது, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த இலையைப் பறிக்கவும் சட்டம் உண்டு. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடு போக வேண்டும். நகமும் இரும்பும் படக்கூடாது. வாய் திறக்கக்கூடாது. கூட யாரும் வரக்கூடாது, பறிப்பதை யாரும் பார்க்கவும் கூடாது. தீட்டுக்காரி செடிப்பக்கமே போகக்கூடாது.

இருபத்திரண்டு வருஷம் இலை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எப்படித் தப்பும்? சோளக்காட்டில் கடிப்பதில் முக்கால்வாசி விஷமில்லாத சாரையும் தண்ணீர்ப்பாம்பும். கசக்குது என்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்கள். பயத்தில் நாக்கு மரத்துப்போய்க் கசக்கவில்லை என்ற நாலைந்து பேர் ஆஸ்பத்திரிக்குப் போய் நன்றாகத் திரும்பி வந்தார்கள். எல்லாப் பெருமையும் முத்தாயி கொல்லைக்கு வந்து சேர்ந்தது. அவளும் மனுஷிதானே, அந்தப் பெருமை அவளுக்கு இனித்தது.

போன வருஷம் தை மாதம் அவள் மருமகள் பரிமளா மக்காச்சோளக் கதிர் ஒடிக்கப் போனாள். மகன் செந்தில்குமாருக்கு வாக்கப்பட்டு இரண்டு வருஷம், இன்னும் பிள்ளை இல்லை. காலை பத்து மணிக்குச் சோளத்தட்டைக்கு அடியில் கிடந்த ஏதோ ஒன்று அவள் கணுக்காலில் போட்டுவிட்டது. சாண் நீளம்தான் இருக்கும் என்றாள். தானே நடந்து வீடு வந்து சேர்ந்தாள்.

முத்தாயி குடத்துத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். ஒரு குறையும் இல்லாமல் பறித்தாள். பரிமளா மென்றாள். முகம் கோணிக்கொண்டது.

"கசக்குதா?"

"ஐயோ, குடலே வெளிய வந்துரும் போல இருக்குதுங்க அத்த."

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். முத்தாயிக்கும் சிரிப்பு வந்தது. கடிவாயில் மஞ்சளை வைத்துக் கட்டினாள். பரிமளா மத்தியானம் குழம்புகூட வைத்தாள். சாயங்காலம் கால் வீங்கியது; நடந்த வீக்கம் என்றார்கள். மறுநாள் காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் சிவப்பாக வந்தது. செந்தில்குமார் வண்டி பிடித்து டவுனுக்குக் கொண்டுபோனான். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

சுருட்டை விரியன் என்றார் அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா. சின்ன வயசு, முத்தாயிக்கு மகளாக இருக்கக்கூடிய வயசு.

"கடிச்ச உடனே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமேம்மா. ஒரு நாள் முழுக்க என்ன பண்ணுனீங்க?"

"எல கசந்துச்சுங்க."

டாக்டரம்மா கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தார். "விஷம் ஏறுனாலும் ஏறாட்டாலும் கசக்குற எல கசக்கத்தான்மா செய்யும்."

திட்டியிருந்தால்கூட முத்தாயி தாங்கியிருப்பாள். அந்தப் பெண் மெதுவாகச் சொன்னதுதான் நெஞ்சில் இறங்கியது. இருபத்திரண்டு வருஷமாக இவ்வளவு சின்ன விஷயம் தன் புத்திக்கு எட்டவில்லையே என்று வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்தில், பந்தலில் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னாள். "எல பொய்யி. எம்மருமவள நாந்தான் கொன்னுட்டேன். இனிமே யாரும் அத நம்பி உக்காராதீங்க."

பங்காளி இளையபெருமாளுக்கு அது பொறுக்கவில்லை. "எல எப்படி அண்ணி பொய் சொல்லும்? நீங்க சுத்தமாத்தான் பறிச்சீங்க. அந்தப் புள்ளதான் தெனம் செடிக்குத் தண்ணி ஊத்துச்சு. தீட்டோட போயிருக்கும். செடி கோவிச்சுக்கிச்சு."

பந்தலே தலையாட்டியது. அவர்களுக்கு இலை வேண்டும், முத்தாயியும் வேண்டும். செத்தவள்தான் வேண்டாதவளாகப் போனாள்.

பரிமளா மூன்று நாளைக்கு முன்புதான் தலைக்குக் குளித்திருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை சாமி விளக்கை ஏற்றினவளே அவள்தான். ஒரே வீட்டில் புழங்குகிற பொம்பளைக்கு இதுகூடவா தெரியாது? முத்தாயி சொன்னாள், கத்தினாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று ஆளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டினார்கள். மறுநாள் செடிகளைப் பிடுங்கிப்போட்டாள். ஊரின் நம்பிக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதமே ஒருத்தனைப் பாம்பு கடிக்க, அவன் பக்கத்து ஊருக்குப் போய் அங்கே ஒருத்தியிடம் மூன்று இலை வாங்கி மென்றான். கசந்தது. பிழைத்தான். முத்தாயிக்கு வயிறு எரிந்தது. இவனைப் பார்த்து அடுத்துப் போகிறவன் பிழைக்க மாட்டானே என்று எரிந்தது.

பிறகு அவளே வேலிப்பக்கம் இரண்டு சிறியாநங்கை வைத்தாள். ஊருக்குச் சந்தோஷம். அதற்குப் பின்னால் ஒரு பாத்தி மிளகாயும் போட்டாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

ஆடி மாதம் சின்ன வெங்காயம் நட்டுக்கொண்டிருந்த இளையபெருமாளையே கையில் கடித்தது. அலறிக்கொண்டு வந்தான். முத்தாயி தண்ணீரை ஊற்றிக்கொண்டு தனியாகக் கொல்லைக்குப் போனாள். பார்க்கக்கூடாது என்பது சட்டமாயிற்றே, ஒருத்தரும் பின்னால் வரவில்லை. மிளகாய் இலையை நன்றாகக் கசக்கி உருட்டிக்கொண்டு வந்து அவன் வாயில் போட்டாள்.

"கசக்குதா?"

மென்றான். இன்னும் மென்றான். கண் பிதுங்கியது. "கசக்கலியே அண்ணி! புல்லத் தின்ன மாரி இருக்குதே!"

"வெசம் ஏறிருச்சு தம்பி. நிக்காத, ஓடு."

அடுத்த பத்து நிமிஷத்தில் வண்டி டவுன் ரோட்டில் பறந்தது. கடித்தது நல்ல பாம்பு. ஊசி போட்டுப் பிழைத்தான். ஐந்தாம் நாள் சிறுவாச்சூர் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு நேரே முத்தாயி வீட்டுக்கு வந்து, வேலியோரச் செடிக்கு மஞ்சள் துணி கட்டி மாலை போட்டான்.

"எல பொய் சொல்லாது அண்ணி. நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு விளங்கியது. இலை நிஜம் என்றால் பரிமளா பொய். இவனுக்குச் சரியாகச் சொன்ன இலை அவளுக்கு மட்டும் ஏன் தப்பாகச் சொல்லும்? ஊரில் எல்லோருக்கும் அந்தக் கேள்விக்கு விடை தயாராக இருந்தது. அதற்குப் பிறகு ஆறு மாசத்தில் ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேருக்கும் கசக்கவில்லை, ஐந்து பேரும் ஓடினார்கள், ஐந்து பேரும் இருக்கிறார்கள். பாம்பே விஷமில்லாதது என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பினவர்கள்கூட, வழியிலேயே இலை விஷத்தை உறிஞ்சிவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் பிழைத்து வரும்போது பரிமளாவின் மேல் இன்னும் ஒரு கை மண் விழுந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே செந்தில்குமார் சொன்னான், "தீட்டுன்னு எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் அவ." முத்தாயி ரசச் சட்டியை எடுத்தாள். மிளகாய் இலைச் சங்கதியை இவனிடம் சொன்னால் நாளைக்கே இளையபெருமாள் காதுக்குப் போகும், நாளன்றைக்கு ஊரே பக்கத்து ஊர்க்காரியின் இலையைத் தேடிப் போகும். ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த மாசியில் ஆண்டிமடத்திலிருந்து பொன்னாயி வந்தாள். பரிமளாவைப் பெற்றவள். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த விரல்களோடு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அங்கே வரைக்கும் பேச்சு போய்விட்டது. பரிமளாவின் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைக் காரணம் சொல்லித் தட்டிக்கழித்திருக்கிறார்கள், ஆசாரம் இல்லாத வீட்டுப் பெண் என்று.

அவள் வந்த நேரம், ஓணான் கடித்ததற்கெல்லாம் பயந்து வந்தவர்களும் செடிக்கு மாலை கொண்டுவந்தவர்களுமாக வாசலில் பத்துப் பேர் இருந்தார்கள். இளையபெருமாளும் இருந்தான்.

முத்தாயி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். பொன்னாயி அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"சம்பந்தி, நான் சண்டைக்கு வரல. வெள்ளிக்கெழம வெளக்கேத்துனேம்மான்னு எம்மவ போன்ல சொன்னா. கூட இருந்தவங்க நீங்க. அவ சுத்தமாத்தான் இருந்தான்னு இவங்க முன்னாடி ஒரு வார்த்த சொல்லுங்க. எனக்கு அது போதும்."

எல்லோரும் முத்தாயியின் வாயைப் பார்த்தார்கள். வயலில் சோளம் முற்றி நின்றது. கதிர் ஒடிப்பு தொடங்கிவிட்டது. நாளைக்கே யாராவது ஒருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வரலாம். இலையை நம்பி, ஓடு என்றால் அவள் ஓட வேண்டும்.

"ஞாபகம் இல்லீங்களே சம்பந்தி," என்றாள் முத்தாயி.

"உம்," என்றான் இளையபெருமாள், யாரும் கேட்காமலே.

பொன்னாயி அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். சொம்பு அப்படியே இருந்தது. வேலியோரம் மஞ்சள் துணி சுற்றி நின்ற செடியை ஒரு பார்வை பார்த்தாள்.

"உங்க செடி நல்லா இருக்கட்டும் சம்பந்தி," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.