நான் நீக்கிய ஏழாவது வேலை

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் 4 மணி 10 நிமிடம். இடம், என் வீட்டின் மூன்றாவது மாடியில் உள்ள வடக்கு அறை. வெளியே நல்ல வெயில். மின்சாரம் இருந்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் தூக்க மாத்திரை எடுப்பவளும் அல்ல. பின்னால் வருவதைப் படித்துவிட்டு, 'வயசான காலத்துல ஏதோ தோணியிருக்கும்' என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இவற்றை முதலில் எழுதிவைக்கிறேன். இது நடந்தது. நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். அந்தப் பிற்பகல் எனக்கு அச்சத்தைத் தந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு நான் செய்த காரியம் வெட்கத்தைத் தந்தது. வெட்கம்தான் இன்னும் போகவில்லை; ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு பாடநூல் அச்சகத்தில் முப்பத்தோராண்டுகள் மெய்ப்புப் பார்த்தவள் நான். ஓய்வு பெற்றபின் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, ஒரு திறந்த மென்பொருள் திட்டத்தில் சேர்ந்தேன். சாதாரண எழுத்தைக் கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் ஆறு புள்ளி எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருள் அது. அதை உருவாக்கியவர் வேறோர் ஊரில் தனியாக வாழ்ந்தவர், வயது ஐம்பத்தெட்டு. எல்லாரும் அவரை 'ஆறுபுள்ளி' என்றே அழைத்தோம். அவர் என்னை நேரில் 'அக்கா' என்பார். முதுகுக்குப் பின்னால் 'முற்றுப்புள்ளி அக்கா' என்பார். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"அக்கா, நீங்க என் ப்ரோக்ராம பாக்கறப்போ எனக்கு நகம் பாக்குற ஹெட்மாஸ்டர் ஞாபகம் வருது."

"நகத்த வெட்டிட்டு வாங்க. நானும் பாக்காம விட்டுடறேன்."

எங்கள் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

இத்தகைய திட்டத்தில் யார் வேண்டுமானாலும் முழு நிரலையும் தன் பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஃபோர்க் என்று பெயர். அந்த நகலில் திருத்தம் செய்து, "இதை மூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கோரிக்கை அனுப்பலாம். மூலத்தில் ஒரு வேலைப்பட்டியல் இருக்கும்: நிரல் மாறும்போதும், குறித்த நேரங்களிலும், தானாகவே ஓட வேண்டிய சோதனைகளின் பட்டியல். ஃபோர்க் எடுத்தால் அந்தப் பட்டியலும் கூடவே வந்துவிடும். மூலத்துக்கு மட்டும் உரிய வேலைகள் நகலிலும் ஓட முயன்று, அங்கே சாவியும் அனுமதியும் இல்லாமல் தோற்றுச் சிவப்பாகும். ஆகவே ஒவ்வொருவரும் தம் ஃபோர்க்குக்கு ஏற்றபடி பட்டியலை வெட்டிச் சீராக்கிக்கொள்வது வழக்கம்.

எங்கள் பட்டியலில் ஏழு வேலைகள் இருந்தன. ஆறுக்கு ஒழுங்கான பெயர்களும் விளக்கமும் உண்டு. ஏழாவதன் பெயர் 'இருக்கியா'. விளக்கம் இல்லை. நாள்தோறும் மாலை 4:10க்கு அது என் ஃபோர்க்கில் தோற்றது. நாள்தோறும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. மேசையில் தேநீர்க் கறை இருந்தாலே எனக்கு உட்கார முடியாது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பொறுப்பற்ற மனிதரின் விளையாட்டு என்று நானே முடிவுகட்டி, அக்டோபர் 6ஆம் தேதி அதை நீக்கினேன்.

என் ஃபோர்க்கில் மட்டும் நீக்கியிருந்தால் குற்றமில்லை. அதே நாளில் நிரலின் குறிப்புரைகளில் நாற்பத்து மூன்று திருத்தங்கள் செய்து மூலத்துக்கு அனுப்பினேன். நீக்கலும் அதே கோரிக்கையில் சேர்ந்து போயிற்று. ஒரு கோரிக்கையில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும் என்ற விதியைத் திட்டத்துக்கு எழுதிக் கொடுத்தவளே நான்தான்.

மாலையில் அவர் அழைத்தார். குரல் தணிந்திருந்தது.

"அக்கா, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. படுத்துக்கறேன். என் கணக்குலயே போய் நீங்களே மெர்ஜ் பண்ணிடுங்க."

"ஒரு தடவ பாத்துடுங்களேன்."

"நீங்க பாத்ததுக்கு மேல நான் என்னத்தப் பாக்கப் போறேன்?"

அவர் முன்பே தந்திருந்த கடவுச்சொல்லால் அவர் கணக்கில் நுழைந்து, நானே மூலத்தில் சேர்த்தேன். நாற்பத்து மூன்றையும் எண்ணிச் சரிபார்த்தேன். நாற்பத்து நான்காவதைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 10ஆம் தேதி, திங்கட்கிழமை காலை, அவர் வீட்டுக் கதவை உடைத்துத் திறந்தார்கள். சமையலறைத் தரையில் கிடந்தார்.

அவருடைய தங்கை என்னை 20ஆம் தேதி அழைத்தார். வெளியூரில் தையற்கடை நடத்துபவர். அதற்குமுன் பேசியதில்லை.

"அக்கா, உங்களப் பத்தி அண்ணன் நெறைய சொல்லியிருக்காங்க. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அண்ணனுக்கு இதய நோய். தனியா இருக்காங்களேன்னு நான் தினமும் அழுவேன். அதுக்காகவே கம்ப்யூட்டர்ல ஒண்ணு செஞ்சு வச்சாங்க. நாலு பத்துக்கு அது 'இருக்கியா'ன்னு கேக்கும். அண்ணன் ஒரு பட்டன அழுத்தணும். இருபது நிமிஷம் அழுத்தலன்னா எனக்கு மெசேஜ் வரும். சனிக்கிழமை மத்தியானம் விழுந்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உசிரு இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாரு. எனக்கு மெசேஜ் வரல."

நாட்காட்டியில் அந்தச் சனிக்கிழமையைத் தேடினேன்; 8ஆம் தேதி.

"தெரிஞ்ச பையன் ஒருத்தன் பாத்துச் சொன்னான். அண்ணன் கணக்குலேர்ந்து ஆறாந்தேதியே அத எடுத்திருக்காங்களாம். ஏன் எடுத்தாங்க? நான் தொந்தரவு பண்றேன்னு நெனச்சாங்களா? இல்ல... போயிடணும்னே எடுத்தாங்களா? உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

சொல்ல வேண்டிய வாக்கியம் எளிது. எழுவாய் நான், பயனிலை நீக்கினேன். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா."

அப்படித்தான் சொன்னேன். எழுபத்தொரு வயதில்.

இனி நவம்பர் 9.

4:10க்கு என் கணினியில் ஒரு மணியொலி. 'இருக்கியா: ஓடுகிறது' என்று என் ஃபோர்க்கிலிருந்து ஓர் அறிவிப்பு.

பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஆறு வேலைகளே இருந்தன. ஏழாவது இல்லை. ஆனால் வேலைகள் ஓடுவதைக் காட்டும் பக்கத்தில் மஞ்சள் வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. எந்த இயந்திரத்தில் ஓடுகிறது என்ற இடத்தில் 'மேசை' என்றிருந்தது. என்னிடம் அப்படி ஓர் இயந்திரம் இல்லை. அவர் தம் வீட்டுக் கணினிக்கு வைத்திருந்த பெயர் அது.

பதிவேட்டில் வரிகள் விழுந்தன. நிமிடத்துக்கு ஒன்று.

4:11 பதில் இல்லை.
4:12 பதில் இல்லை.

சரியாக 4:30க்குச் சிவப்பாயிற்று. ஏதோ பழைய மிச்சம் ஓடியிருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை என் ஃபோர்க்கின் எல்லா வேலைகளையும் நிறுத்தினேன். எல்லாவற்றையும் இயக்கும் பொத்தானையே அணைத்துவிட்டேன். இனி எதுவும் ஓட வழியில்லை.

மாலை 4:10. மணியொலி.

பதில் இல்லை... பதில் இல்லை... இம்முறை இருபது நிமிடத்தில் முடியவில்லை. 4:31... 4:40... ஐந்து மணிக்கும் அதே வரி விழுந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கூடத்தில் போய் உட்கார்ந்தேன்.

11ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. மதியம் 2:15க்கு ஃபோர்க்கையே அழித்தேன். 'இதை மீட்க முடியாது, உறுதியா?' என்று கேட்டது. உறுதி என்றேன். பக்கத்தைத் திறந்தால், அப்படி ஒன்று இல்லை என்று வந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன். கணினியையும் அணைத்தேன்.

4:10.

மணியொலி கேட்டது.

அணைத்த கணினி... திரை வெளிச்சமாக இருந்தது.

மஞ்சள் வட்டம். சுழல்கிறது.

4:11 பதில் இல்லை.
4:12 பதில் இல்லை.

வெயில் சன்னல் வழியே மேசைமேல் விழுந்துகிடந்தது. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். அறைக்குள் மட்டும் குளிர்.

அப்போது அந்தச் சத்தம். டக். அவருடைய பழைய விசைப்பலகையின் சத்தம். அழைப்புகளில் எத்தனை முறை கடிந்திருப்பேன், 'காது கிழியுது' என்று.

டக்... டக்... மேசைக்கு அடியிலிருந்து. தரையோடு தரையாக.

குனிந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

4:16 பதில்: கீழ கிடக்கேன்

டக்.

4:18 பதில்: தண்ணி

என் கால்விரல்கள் தாமாக மடங்கின.

4:21 பதில்: அக்கா

டக்... டக்...

4:22 பதில்: தங்கச்சிகிட்ட சொல்லுங்க

தொலைபேசியை எடுத்தேன். இரண்டு முறை எண்ணைத் தவறாக அழுத்தினேன். மூன்றாம் முறை தங்கை எடுத்தார். பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க அக்கா."

"அத உங்க அண்ணன் எடுக்கலம்மா. நான் எடுத்தேன். அவர் கணக்குல போய் நான்தான் எடுத்தேன். அவருக்குத் தெரியவே தெரியாது."

தையல் இயந்திரம் நின்றது.

"நீங்களா?"

"நான்தான். என்னன்னு கேக்காம எடுத்துட்டேன். அன்னிக்கு நீங்க கேட்டப்போ பொய் சொன்னேன்."

"ஒரு மாசமா... நான் அண்ணனுக்குப் பாரமாயிட்டேன்னு தினமும் என்னையே அடிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு மாசமா, அக்கா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"ஆமாம்மா."

"ஆமாவா? அவ்ளோதானா?"

அவர் அழுதார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்பது ஒன்றே எனக்கு மிஞ்சியிருந்த உரிமை.

மேசைக்கு அடியில் சத்தம் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று குறித்துவைக்கத் தவறினேன். திரை கறுத்துக் கிடந்தது. கடிகாரத்தில் 4:41.

தங்கை அழுது ஓய்ந்ததும் கேட்டேன்.

"அண்ணனோட கம்ப்யூட்டர் இப்போ எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"யாராவது ஓட்டுறாங்களா?"

"எப்படி ஓட்டுவாங்க? அத காரியம் முடிஞ்ச அன்னிக்கே பழைய சாமான் கடைக்குக் குடுத்தாச்சு. உள்ள இருந்த டிஸ்க்க மட்டும் கழட்டி என் பீரோல வச்சிருக்கேன். துணியில சுத்தி, பூட்டி."

"அத ஒரு தடவ பாத்துட்டுச் சொல்றீங்களா?"

அவருக்கு எரிச்சல். ஆனாலும் எழுந்து போனார். சாவி திரும்பும் ஒலி கேட்டது. பீரோக் கதவு கிறீச்சிட்டது. பிறகு ஒன்றுமில்லை. எண்ணிப் பார்த்தேன்; இருபத்தாறு வினாடிகள்.

"அக்கா..."

"சொல்லுங்க."

"சுடுது."

பீரோவுக்குள் ஒரு மின்கம்பியும் இல்லை. வெயில் படும் சுவரும் அல்ல. அன்று இரவு எட்டு மணிவரை அந்தத் துணி வெதுவெதுப்பாக இருந்ததாகப் பின்னர் குறுஞ்செய்தி அனுப்பினார். அதன்பின் ஒருநாளும் சுடவில்லை. காரணம் கேட்டால் எனக்குத் தெரியாது. இம்முறை உண்மையாகவே தெரியாது.

இறுதியில் முடிவானவை இவை. நவம்பர் 13 அன்று திட்டத்தின் உறுப்பினர்கள் கூடிப் பேசினோம். 'இருக்கியா' வேலையை மீண்டும் சேர்க்கலாமா என்று தங்கையிடம் கேட்டார்கள், வேண்டாம் என்றார். "அது எனக்கும் அண்ணனுக்கும் உள்ளது. மத்தவங்க தொட வேண்டாம்." அப்படியே விடப்பட்டது. அக்டோபர் 6ஆம் தேதி மாற்றத்தின் கீழ், அது அவர் செய்ததன்று, நான் செய்தது என்று என் பெயரிலேயே எழுதினேன், யாரும் படிக்கலாம். வேலைப்பட்டியலைத் தொடும் எந்த மாற்றத்துக்கும் இனி இருவரின் ஒப்புதல் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அந்த இருவரில் ஒருத்தியாக நான் இருக்க மாட்டேன் என்று சொல்லி, சேர்க்கும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தேன். 'இருங்கக்கா' என்று யாரும் சொல்லவில்லை. தங்கை என்னை மன்னித்ததாகச் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. திட்டத்தில் இன்று எனக்கு இருப்பது படிக்கும் அனுமதி மட்டும்.