லோடு ஏற்றிப் பார்க்காமல் நம்பாதவர்

என் அக்காவின் கணவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது, அவருடைய கால் உடைந்த பிறகுதான். அதற்கு முன்பெல்லாம் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே சாப்பிடுவார். “கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்த மனுஷன்” என்பாள் அக்கா. லாரிப் பட்டறையில் அவருக்குப் பம்பரம் என்றே பெயர்.

பட்டறையில் அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். மாற்றிவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. இன்னொன்று, பழுது பார்த்த வண்டியைக் காலியாக வெளியே விடக் கூடாது. மணல் மூட்டைகளை அடுக்கச் சொல்லி, முதலில் பாதி லோடு, அப்புறம் முழு லோடு. வண்டிக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு, படியில் தொங்கிக்கொண்டு காதைத் தீட்டி வைத்துக் கேட்பார். யாராவது பேச்சுக் கொடுத்தால், “வாயை மூடு, வண்டி பேசுது” என்று ஒரு அதட்டல்.

“சும்மா நிக்கிற வண்டி எல்லாமே நல்ல வண்டிதான் மாப்ளே. லோடு ஏத்துனாத்தான் அதோட லட்சணம் தெரியும்” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் ஜாக்கி நழுவி, லாரியின் அச்சு அவருடைய முழங்காலுக்குக் கீழே விழுந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பக்கத்து மருத்துவமனையில் கம்பி வைத்துத் தைத்தார்கள். ஆறுவதுபோலப் போக்குக் காட்டிய புண் உள்ளுக்குள் சீழ் வைத்தது. காய்ச்சல் விடவே இல்லை. பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே எலும்பு டாக்டர் ஒரு பெண்மணி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“கிருமி எலும்புக்குள்ள போயிடுச்சு. செத்துப்போன எலும்பை வெட்டி எடுக்கணும். நாலு விரக்கடை அளவுக்குப் பள்ளம் விழும்.”

“அந்தப் பள்ளத்துல எதைப் போட்டு அடைப்பீங்க?” என்றார் மாமா.

“சிமெண்ட்.”

“பட்டறைக்குத் தரை போட்டதுல அரை மூட்டை மிச்சம் இருக்கு டாக்டரம்மா. எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?”

டாக்டர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் வேதியியல். ஆகவே டாக்டர் பேச்சை வீட்டுப் பேச்சாக மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் அதைச் செய்தேன். இது வீடு கட்டுகிற சிமெண்ட் இல்லை. ஒரு பொடியும் ஒரு திரவமும். கலந்தால் மாவுபோலத் திரண்டு, சூடாகி, சில நிமிடங்களில் கல்லாகிவிடும். அந்தப் பொடியிலேயே கிருமியைக் கொல்லும் மருந்தையும் சேர்த்துவிடுவார்கள். மாத்திரையோ ஊசியோ ரத்தத்தோடு போக வேண்டும்; சிதைந்துபோன இடத்துக்கு ரத்தம் சரியாகப் போகாது. இந்தச் சிமெண்ட் அந்த இடத்திலேயே குந்திக்கொண்டு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அதற்குள் உடம்பு அதைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்றை, பை மாதிரி, வளர்த்துக்கொள்ளும். பிறகு சிமெண்டை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து எடுத்த எலும்புத் துண்டுகளை அந்தப் பைக்குள் நிரப்புவார்கள்.

“எடுக்கப்போற சாமானுக்கா இம்புட்டுப் பாடு?” என்றாள் அக்கா.

“முட்டுக் கொடுத்து வெக்கிறாங்க, அவ்வளவுதான். புது ஸ்பேர் வர்ற வரைக்கும்” என்றார் மாமா. நான் மூச்சுவிடாமல் சொன்னதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

முதல் அறுவை முடிந்தது. எலும்பில் கம்பிகளைச் செருகி, அவற்றைப் பிடித்து நிற்கும் சட்டத்தைக் காலுக்கு வெளியே மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் விரலை நீட்டிச் சொன்னார்: “அடுத்த ஆபரேஷன் வரைக்கும் இந்தக் கால்ல வெயிட்டே விழக் கூடாது. மறுபடி சீழ் வெச்சா, முழங்காலுக்குக் கீழ எடுக்கறதைத் தவிர வழியில்ல.”

பம்பரத்தைக் கட்டிலில் படுக்கவைத்தால் என்ன ஆகும்? முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்தார். பிறகு மின்விசிறியின் ரெகுலேட்டர். பட்டறையிலிருந்து யாராவது கூப்பிட்டால், “போனை இன்ஜின் பக்கத்துல வையி” என்று கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “பேரிங்டா, பேரிங்” என்பார். மற்ற நேரமெல்லாம் தன் காலில் மாட்டிய சட்டத்தையே முறைத்துக்கொண்டிருப்பார். “இந்த நட்டுக்கு லாக் வாஷர் போட்டிருக்கலாம்.” கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும். “அசையாம இருந்தா உசுரா போயிடும்?” என்று அக்கா கத்துவாள்.

பிறகு காய்ச்சல் விட்டது. வலியும் போனது. வினையே அங்கேதான் பிடித்தது.

ஒரு மத்தியானம் அக்கா துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். நான் மருந்து வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது.

“மாமா! என்ன பண்றீங்க?”

“உஷ்... பேசாத. பாதி லோடு தாங்கிடுச்சு. இப்ப முழு லோடு.”

நான் எட்டிப் பிடிப்பதற்குள் நல்ல காலைத் தரையிலிருந்து தூக்கிவிட்டார். ‘கடக்’ என்று ஒரு சத்தம். முகம் வெளுத்து, கட்டிலில் சரிந்தார்.

“மேல் கம்பி,” என்றார் மெதுவாக. “லூசாயிடுச்சு.”

துணி மூட்டையோடு இறங்கி வந்த அக்கா ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். மூட்டை கீழே விழுந்தது. “லோடு ஏத்திப் பாக்க இது என்ன உங்க பட்டறை வண்டியா? என் புருஷன் காலுய்யா அது!” என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதாள்.

மருத்துவமனையில் பார்த்தபோது, மேல் கம்பி தோலுக்குள் நுழையும் இடத்தில் நீர் கசிந்தது. எக்ஸ்ரேயில் சிமெண்ட் இலேசாகச் சாய்ந்திருந்தது. டாக்டருக்குக் கோபம் மூக்கின் நுனியில்.

“ஏன் சார், பசை காயறதுக்குள்ள உங்க பட்டறையில வண்டியை எடுப்பீங்களா?”

“எடுக்க மாட்டேன்.”

“அப்புறம்?”

மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “பட்டறையில காய்ஞ்சா தொட்டுப் பாப்பேன் டாக்டரம்மா. இது உள்ள இருக்கு. தொடவும் முடியல, கேக்கவும் முடியல. படுத்துக்கிட்டே எப்படி நம்புறது?”

டாக்டர் ஊசியால் உள்ளேயிருந்து கொஞ்சம் நீர் உறிஞ்சி, கிருமி இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினார். முடிவு வரச் சில நாளாகும். உள்ளே சீழ் திரும்பியிருந்தால் கால் போகும்.

வார்டில் படுத்திருந்த அந்த நாட்களில் மாமா எதையும் பிரிக்கவில்லை. கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். கால் விரல்களை ஆட்டிப் பார்ப்பார், “ஆடுதா பாரு” என்பார், மறுபடி ஆட்டுவார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் தலை திரும்பும். நர்ஸ் நிற்காமல் கடந்துபோவார். மறுபடி தாளம்.

“மாப்ளே, நீ படிச்சவன். நேராச் சொல்லு. ஒத்தைக் காலோட லாரிக்கு அடியில எப்படி நுழையறது?”

நான் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

முடிவை டாக்டரே கொண்டுவந்தார். கிருமி கம்பியைச் சுற்றி மேலோட்டமாகத்தான், உள்ளே இல்லை. கம்பியை மாற்றிச் சட்டத்தை இறுக்கினார்கள். இரண்டாவது அறுவை தள்ளிப்போனது. இந்தத் தடவை அக்கா ஊன்றுகோலைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். ஜன்னலோரத்தில் பெட்டிகளை அடுக்கி வழியை மறித்தும்விட்டாள்.

இரண்டாவது அறுவையின்போது முதுகில் ஊசி போட்டு இடுப்பிலிருந்து கீழே மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். ஆள் முழித்துக்கொண்டே இருந்தார், வாயும்தான். “கழட்டுன சாமானை எங்கிட்ட காட்டணும்” என்று முன்னாலேயே கேட்டு வைத்திருந்தார். டாக்டரும் தட்டில் வைத்துக் காட்டியிருக்கிறார்.

“வழவழன்னு இருந்துச்சு. ஒரு பொடி உதிரல” என்று வெளியே வந்ததும் எங்களிடம் சொன்னார். “சுத்தி வளர்ந்த பையும் கிழியலையாம். வீட்டுக்குக் கேட்டேன். ஆஸ்பத்திரிக் கழிவாம், தர மாட்டாங்களாம். எந்தப் பட்டறையில இருக்கு இந்த நியாயம்?”

அதன்பின் மாதங்கள் ஓடின. எக்ஸ்ரேயில் பள்ளம் இருந்த இடத்தில் முதலில் புகைபோல ஒரு வெண்மை. பிறகு அது தடித்தது. காலில் இருந்த கம்பிச் சட்டத்தைக் கழற்றினார்கள். ஒருநாள் டாக்டர் உடற்பயிற்சி அறைக்கு எங்களை வரச் சொன்னார். நான்கு கால் நடைச் சட்டம் ஒன்றை மாமா முன்னால் வைத்தார்.

“ம், ஊனுங்க. பாதி வெயிட் போடலாம்.”

மாமா சட்டத்தைப் பிடித்தார். காலை மட்டும் கீழே வைக்கவில்லை.

“இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துரலாமா டாக்டரம்மா?”

“வேணாம்னப்ப ஏத்துனீங்க. இப்ப ஏத்துங்கன்னா எக்ஸ்ரே கேக்குறீங்க” என்றாள் அக்கா.

“எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க” என்றார் மாமா.

அறை அடங்கியது. மாமா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பாதத்தைத் தரையில் வைத்து, மெல்ல மெல்லப் பாரத்தை இறக்கினார்.

‘கடகட’ என்றது.

அக்கா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. மாமா மூச்சை நிறுத்தி, இன்னொரு தடவை பாரத்தை மாற்றிக் கேட்டார். பிறகு அவர் முகத்தில் பட்டறைக் களை வந்தது.

“கால் இல்ல. இந்தச் சட்டம்தான். இங்க பாரு, நட்டு லூசு. இதைப் போயா நோயாளி கையில குடுக்கறது? மாப்ளே, ஸ்பேனர் இருக்கான்னு வெளிய கேளு.”

சட்டத்தை ஒரு கையால் சாய்த்து, குனிந்து, அந்த நட்டை விரலால் திருகிக்கொண்டிருந்தார். இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தார். அக்கா அதைச் சொல்ல வாயெடுத்தாள். டாக்டர் உதட்டில் விரலை வைத்தார். நான் ஸ்பேனர் தேடப் போனேன்.