இரண்டு பக்கமும் திரும்பும் வளையம்

சனிக்கிழமைகளில் அத்தான் கடைக்கு வருவார். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, எனக்கு எதிரே உள்ள கதிரையில் அமர்ந்து, இடது கையில் கட்டியிருக்கும் மணிக்கூட்டின் வெளி வளையத்தை மெல்லத் திருப்பத் தொடங்குவார். டிக் டிக்கென்று முன்னுக்கு ஐந்தாறு, டிக் டிக்கென்று பின்னுக்கு ஐந்தாறு. கடைச் சுவரெல்லாம் மணிக்கூடுகள் ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் எனக்கு அந்த ஒரு சத்தம்தான் கேட்கும். கேட்டதும் உள்ளங்கை வியர்த்துவிடும். தலை நரைத்த மனிதன் ஒருவன் ஒரு வளையத்தின் சத்தத்துக்குப் பயந்தான் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு வருடங்களாகப் பயந்தேன்.

அத்தான் என்றது என் அக்காவின் கணவரை. குருநகரில் நல்ல சுழியோடி என்று பெயர் எடுத்தவர். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, சங்கும் கடலட்டையும் அள்ளிவருவார். நான் அதே குருநகரில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காதவன். யாழ்ப்பாணப் பட்டணத்தில் மணிக்கூடு திருத்தும் கடை வைத்துப் பிழைக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டு உறவினர் ஒருவர் மணிக்கூடு பரிசளித்தால், வாங்கும்போது வாய் நிறைய நன்றி சொல்லிவிட்டு, அவர் விமானம் ஏறிய மறுநாளே அதைக் கடைக்குக் கொண்டுவந்து ‘ஒறிஜினலோ?’ என்று கேட்பார்கள். நான் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வேன். என் தீர்ப்பால் பாரிசில் இருக்கும் தமையன்மாருடன் கதைக்காமல் விட்ட தம்பிமாரும் இருக்கிறார்கள். அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது.

அத்தானின் தமையனும் பாரிசிலிருந்துதான் வந்தார். அவர் கொடுத்துவிட்டுப் போன மணிக்கூட்டை அத்தான் ஒரு பின்னேரம் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வந்தார். அது பார்வைக்கு மிகப் பழைய சுழியோடி மணிக்கூடு, உண்மையில் புதியது. அந்தக் காலத்துப் பேர்போன மணிக்கூடு ஒன்றைப் பார்த்து, அதற்கு மரியாதை செய்வதுபோல இன்னொரு கொம்பனி செய்தது. இப்படிச் செய்பவர்கள் பழைய கொம்பனியின் பெயரைத் திருடுவதில்லை. முகத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அதைக் கள்ளச் சாமான் என்று சொல்ல முடியாது. ஆனால் அதிலும் நல்லது கெட்டது உண்டு. வெளியே அழகாக வைத்து உள்ளே தகரத்தைப் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

நான் அதை ஆசையோடு சோதித்தேன். இலக்கங்களில் பூசிய ஒளிரும் மைக்குப் பழசின் பிஸ்கட் நிறத்தைக் கொடுத்திருந்தார்கள். கையைக் குவித்து மூடிப் பார்த்தால் எல்லா இலக்கமும் ஒரே அளவாக ஒளிர்ந்தது. கண்ணாடி அந்தக் காலத்ததுபோல நடுவில் மேடு. பின்மூடியின் புரிகள் ஆழமாக இருந்தன. சாவி கொடுக்கும் குமிழ் நாலு சுற்றுச் சுற்றி இறுகியது. உள்ளே றப்பர் வளையம் புதிதாக, எண்ணெய்ப் பிடிப்போடு கிடந்தது. இயந்திரம் நல்ல ஜப்பான் இயந்திரம். கடைசியாக மின்குமிழின் அருகே வைத்துச் சூடாக்கி, கண்ணாடியில் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டேன். உட்புறம் ஈரப்புகை படியவில்லை. இனி ஒரு துளி நீரும் உள்ளே போகாது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

பிறகு வெளி வளையத்துக்கு வந்தேன். சுழியோடிக்கு அந்த வளையம்தான் உயிர். தண்ணீருக்குள் இறங்கும்போது அதிலுள்ள புள்ளியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைத்தால், பிறகு முள் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, கீழே எத்தனை நிமிடம் இருந்தோம் என்று அறியலாம். அத்தானின் பழைய சிலிண்டரில் காற்றின் மிச்சத்தைக் காட்டும் கருவி இல்லை. நேரம் ஒன்றுதான் கணக்கு. நான் வளையத்தைத் திருப்பினேன். முன்னுக்கும் திரும்பியது, பின்னுக்கும் திரும்பியது. இப்போதைய மணிக்கூடுகளில் ஒரு பக்கம் மட்டுமே திரும்பும். மிகப் பழையவற்றில்தான் இப்படி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“பாருங்கோ அத்தான், இதைக்கூட விடேல்லை. பழசிலை இருந்த மாதிரியே ரெண்டு பக்கமும் திரும்புது. செய்தவன் விசயம் தெரிஞ்சவன்” என்றேன்.

“அப்ப நம்பிப் போகலாமோ?”

“ஓம், நம்பிப் போங்கோ.”

அவர் அதுவரை கட்டியிருந்த பிளாஸ்டிக் மணிக்கூட்டைக் கழற்றி என் மேசையில் போட்டார். இலக்கத்தில் நேரம் காட்டும் மலிவு மணிக்கூடு. வார் அறுந்து, சைக்கிள் ரியூப் துண்டால் கட்டியிருந்தது. “இனி உது எனக்கென்னத்துக்கு, உன்னட்டையே கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கடை திறந்து, பழைய சாமான் பெட்டியில் போடுவதற்காக அந்தப் பிளாஸ்டிக் மணிக்கூட்டை எடுத்தேன். வெளிச்சத்தில் அதன் விளிம்பைப் பார்த்தேன். சுற்றிவரக் கீறல்கள். சில நகம் புகும் ஆழம். கல்லில் உரசியது, சிலிண்டர்ப் பட்டியில் மாட்டியது, இடுப்புக் கயிறு இழுபட்டுச் சென்றது. கடலுக்குள் ஒரு மணிக்கூடு எத்தனை அடி வாங்குகிறது என்று அன்றுதான் கண்டேன். இத்தனை அடியும் நேற்றுக் கொடுத்தனுப்பிய மணிக்கூட்டின் வளையத்தில் பட்டால்? அது திரும்பும். பின்னுக்குத் திரும்பினால் கூடுதல் நிமிடம் காட்டும். ஆள் வேளைக்கே மேலே வருவான், ஆபத்தில்லை. முன்னுக்குத் திரும்பினால் புள்ளி முள்ளுக்குக் கிட்டப் போய்விடும். இருபது நிமிடம் பத்து நிமிடமாகிவிடும். புதிய மணிக்கூடுகளின் வளையம் ஏன் ஒரு பக்கம் மட்டும் திரும்புகிறது என்பதற்கு வேறு காரணமே தேவையில்லை. எனக்கு அது புதிதையும் பழசையும் பிரித்தறியும் ஒரு அடையாளமாக மட்டும் தெரிந்திருந்தது. ஏன் அப்படி என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

உடனே அத்தானின் தொலைபேசிக்கு எடுத்தேன். அக்கா கதைத்தா. “அவர் விடியவே கடலுக்குப் போயிட்டார். போனை எப்பவும் வீட்டிலைதானே வைச்சிட்டுப் போறவர். ஏன்ரா, என்ன விசயம்?”

“சும்மா” என்றேன்.

கடையைப் பூட்டிவிட்டு மோட்டார்ச் சைக்கிளில் குருநகர் இறங்குதுறைக்குப் போனேன். காலைப் படகுகள் வந்துவிட்டிருந்தன. பெண்கள் மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். கடல் தட்டையாக, வெளிச்சமாக, ஒன்றும் தெரியாததுபோலக் கிடந்தது. யாரிடம் போய் என்ன சொல்வது? இன்னொரு படகை அனுப்பி ‘மணிக்கூட்டைப் பார்க்காதேங்கோ’ என்று சொல்லச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தாலும் பரவாயில்லை என்று போய்க் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. என் தீர்ப்புப் பிழையாகிப்போனதை நாலு பேர் அறியவேண்டி வருமே என்று அந்த நேரத்திலும் ஒரு மூலையில் யோசித்தேன். இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

எனக்கிருந்த ஒரே நம்பிக்கை சம்மாட்டியார். படகின் சொந்தக்காரர். அத்தான் இறங்கியதும் மேலே இருந்து செபமாலை சொல்வார். ஒரு முழுச் செபமாலை முடிந்ததும் அத்தானின் இடுப்புக் கயிற்றை இரண்டு தரம் இழுப்பார். வா என்று அர்த்தம். மணிக்கூட்டுக்கும் மாதாவுக்கும் சரிபாதி நம்பிக்கை வைத்த தொழில் அது. எது முந்துகிறதோ அதற்கு மேலே வந்துவிடுவார் அத்தான். ஆனால் அவர் அடிக்கடி சொல்லும் பகிடி ஒன்றும் எனக்கு ஞாபகம் வந்தது. “சம்மாட்டியாருக்குப் பசிச்சால் அருள்நிறைந்த மரியே ஓட்டமா ஓடும்.” கயிறு வேளைக்கு முந்தியே இழுபடும் என்று அர்த்தம். பிளாஸ்டிக் மணிக்கூட்டை நம்பாமல் கயிற்றுக்கு வந்தவர், நான் சோதித்துக் கொடுத்த மணிக்கூட்டை விட்டுவிட்டுக் கயிற்றுக்கு வருவாரா?

வெயில் உச்சிக்கு வந்தபோது படகு தெரிந்தது. திரும்பி வரும்போது அத்தான் அணியத்தில் நின்றுகொண்டுதான் வருவார். படகின் முன்பக்கத்தில் எவரும் நிற்கவில்லை. கிட்ட வந்ததும் சம்மாட்டியார் எழுந்து கையை வீசி ஓட்டோ பிடிக்கச் சொன்னார். அத்தான் வலைக்குவியலில் சாய்ந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. “கால் இருக்கிற மாதிரித் தெரியேல்லை மச்சான்” என்றார் என்னைப் பார்த்து. அவரைத் தூக்கும்போது இடது கை என் தோளில் விழுந்தது. மணிக்கூடு சரியான நேரம் காட்டியது. உள்ளே ஒரு துளி தண்ணீர் இல்லை.

நடந்ததை ஆஸ்பத்திரி வாசலில் சம்மாட்டியார் அக்காவுக்குச் சொன்னார். “நான் இழுத்தனான் பிள்ளை. அவன் ஒருதரம் திருப்பி இழுத்தான், இன்னும் நேரம் கிடக்கு எண்டு. பிறகு காத்து முடிஞ்சு விறுக்கெண்டு மேலை வந்திட்டான்.” ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு அப்படி வந்தால் காற்று இரத்தத்தில் கட்டிக் காலை முடக்கிவிடும் என்று குருநகரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அக்கா கடலைத் திட்டினா. புனித அந்தோனியாரிடம் அழுதா. ஒருவரும் மணிக்கூட்டைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இடது கால் மெல்லத் திரும்பியது. வலது கால் இன்றைக்கும் இழுபடுகிறது. அத்தான் இப்போது கரையில் கிழிந்த வலை பொத்துகிறார். மணிக்கூடு வாங்க நினைப்பவர்களை அவரே என்னிடம் அனுப்புவார். “என்ரை மச்சான் பாத்தால் பிழை வராது” என்பாராம். அந்தச் சொல் என் காதுக்கு வரும் நாளில் சோறு இறங்காது. அவருக்குத் தெரியாது என்று நினைத்தால் ஒரு பயம். தெரிந்துகொண்டுதான் சொல்கிறாரோ என்று நினைத்தால் அதைவிடப் பெரிய பயம்.

போன சனிக்கிழமை அவர் வளையத்தைத் திருப்பவில்லை. மணிக்கூட்டைக் கழற்றி என்முன் வைத்தார். அக்காவின் மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள், மாப்பிள்ளையும் சுழியோடி.

“மருமோனுக்கு உதிலை ஆசை. குடுக்கலாமெண்டு நினைக்கிறன். நீ ஒருக்காப் பாத்துச் சொல்லு. நம்பிக் குடுக்கலாமோ?”

பின்மூடியைத் திறந்தேன். றப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. ‘றப்பர் பழுதாப் போட்டுது, கடலுக்குச் சரிவராது’ என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“வேண்டாம் அத்தான். இந்த வளையம் ரெண்டு பக்கமும் திரும்பும். கடலுக்கை அது கூடாது. அண்டைக்கு எனக்கு விளங்கேல்லை. அடுத்தநாள் காலமை விளங்கினது. நான் சொல்லேல்லை.”

அத்தான் சொன்னார்: “ஆஸ்பத்திரியிலை படுத்துக் கிடக்கேக்கை திருப்பித் திருப்பிப் பாத்தனான். அப்பவே விளங்கினது.”

“பிறகேன் கேக்கேல்லை?”

“நீயாச் சொல்லுவாய் எண்டுதான் ஒவ்வொரு கிழமையும் வந்து இருந்தனான்.”

கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். படியில் கால் இடறியது. நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையால் காட்டினார். மணிக்கூட்டை அவர் எடுக்கவில்லை. அது இப்போது என் மேசை லாச்சியில், சைக்கிள் ரியூப் கட்டிய அந்தப் பிளாஸ்டிக் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நாளைக்குச் சனிக்கிழமை. எதிரே உள்ள கதிரையைத் துடைத்து வைத்திருக்கிறேன். அந்தச் சத்தத்தை இனிக் கேட்காமலே போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது.