சுக்கான்கல் பானை

அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, வந்த மாப்பிள்ளை அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர். தலை வாரச் சீப்பு வேண்டியதில்லை, ஈரத்துண்டே போதும். ஆனால் திருச்செங்கோட்டுப் பக்கம் மூன்று சூளை வைத்திருந்த குடும்பம். அப்பாவின் கண்ணுக்குச் சூளைகள் மட்டும் தெரிந்தன.

அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் குயவர் வகையறாவில் கல்யாணத்துக்குப் பெண்ணைக் கேட்கிற வழக்கம் அப்போது இல்லை, பானையைத்தான் கேட்பார்கள். பெண் சக்கரம் தொடாமல், பழைய பானையைக் கவிழ்த்து அதன்மேல் மண்ணைத் தட்டித் தட்டித் தானே ஒரு பானை செய்யவேண்டும். மாப்பிள்ளையின் அம்மா அதில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவாள். அவள் கை கழுவும்வரை பானை சும்மா இருந்தால் வெற்றிலை மாற்றிக்கொள்வார்கள்.

மண் எடுக்க அத்தை என்னை அனுப்பினாள். எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டிருந்தோம். எப்போதும் ஏரியின் நடுவில் இறங்கித்தான் கருங்களி அள்ளுவோம்.

"நடுவால போவாத சாமி, காலு புதைஞ்சுக்கும். ஓடைக்கரையிலயே அள்ளிக்கிட்டு வா" என்றாள்.

ஓடை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. சோம்பேறிக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? கூடை நிறைய அள்ளினேன். மண்ணுக்குள் நொய்யரிசி மாதிரி வெள்ளைவெள்ளையாகச் சுக்கான்கல். சுண்ணாம்பு சுடுகிற கல்தான் அது. பானையோடு வெந்த பிறகு ஈரம் பட்டால் வீங்கி, பானையைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். குயவர் வீட்டில் தவழுகிற பிள்ளைக்கும் இது தெரியும்.

"சலிக்கட்டுமா அத்தை?"

"உங்கப்பன் சந்தையில இருந்து வாரதுக்குள்ள தட்டி முடிக்கோணும். அப்படியே கொட்டு."

நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

பானை என்னவோ அழகாக வந்தது. செம்மண் குழம்பு பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மினுக்கினாள். தென்னமட்டையும் வரட்டியும் போட்டுச் சுட்டதும் குங்குமமாகச் சிவந்தது. அப்பா விரலால் சுண்டிப் பார்த்தார். கணீர் என்றது. "கையின்னா இதுவல்லோ கையி!" என்றார். நான் மட்டும் எங்கேயாவது வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று பானையைச் சுற்றித் தேடினேன்.

அந்த நாளும் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பானையை மூன்று தரம் சுற்றிப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பக்கத்திலேயே இலை முன்னால் உட்கார்ந்தாள். ரசம்வரை ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணத்துக்கு எனக்கு இளம்பிள்ளை ஊர் நெசவுக்காரர்களிடம் பட்டுப்பாவாடை எடுப்பதாக அப்பா சொல்லியிருந்தார். நான் தெரிந்த சாமிகளையெல்லாம் கும்பிட்டேன்.

மோர் ஊற்றும்போது 'படக்' என்றது. பானையின் வயிற்றிலிருந்து ஒரு சில்லு எகிறி, அந்த அம்மாளின் இலையில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு பொரி வறுக்கிற சட்டி மாதிரி படபடவென்று. தண்ணீர் நூல்நூலாக வழிந்தது.

"ஏனுங்கம்மா, பானை பேசுதுங்க" என்றார் மாப்பிள்ளை. பாவம், அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

அவர் அம்மா கையை உதறினாள். "மண்ணுல கல்லுப் பாக்கத் தெரியாத புள்ள, எங்க ஊட்டு அரிசியில கல்லுப் பாக்குமாக்கும்? எந்திரிங்க, போலாம்!"

அப்பா கும்பிட்டுக்கொண்டே அவர்கள் வண்டிவரை ஓடினார். நான் உள்ளே ஓடினேன். அடுக்குப்பானைகளுக்குப் பின்னால் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. நான் அழுதுகொண்டே அவள் மடியில் விழுந்தேன்.

"என்னாலதான் அத்தை! நாந்தான் சலிக்காம கொட்டிப்போட்டேன். அழுவாத அத்தை! அடுத்த மாப்பிள்ளைக்கு நடு ஏரிக்கே போயி அள்ளிட்டு வாரேன்!"

அத்தை முன்னைவிட அதிகமாகக் குலுங்கினாள். "ஐயோ, போதும் சாமி, வவுறு வலிக்குது" என்றாள் முந்தானைக்குள்ளிருந்து.

அழுதால் கண்ணல்லவா வலிக்கும், வயிறு ஏன் வலிக்கிறது? விருந்துச் சோறுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுக்குச் சீரகத் தண்ணீர் காய்ச்ச ஓடினேன்.